இன்னும் அழுத்துங்கள்

"அது உங்க அம்மா குரல்தான்மா. அதுல எனக்குச் சந்தேகமே இல்லை," என்றாள் அக்கா.

கொசுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்சிக்காரியைக் காப்பாற்றுவதற்குப் பணம் வாங்கிக்கொண்டு வந்து, அவள் பெற்ற மகளிடமே யாராவது இப்படிப் போட்டு உடைப்பார்களா? இதற்குப் பேசாமல் வீட்டிலேயே படுத்துக் கிடந்திருக்கலாம். கடைவாய்ப் பல் வேறு காலையிலிருந்து உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை. அழுது அழுது மூக்கு மட்டும் சிவந்திருந்தது.

"எனக்கும் அதுல சந்தேகம் இல்லை. அதைத்தான் எழுதிக் கொடுக்கப் போறேன். இன்ஸ்பெக்டர் சாப்பிட்டு வந்ததும் வாக்குமூலம் எடுக்கறேன்னு சொல்லியிருக்கார். போன மாசம் அம்மா போன்ல அப்பாவைத் திட்டினதையும் சேர்த்துச் சொல்லப் போறேன்."

"சொல்லு. நான் தடுக்க மாட்டேன். நான் ஒரு தடவை கூப்பிட்டா மட்டும் போனை எடு. அது போதும்."

அக்காவை ஊரில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிட வயதில் மூத்தவர்கள் உட்பட. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கேஸ்களை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தவள், மேலதிகாரியின் மச்சானையே மோப்பம் பிடித்துவிட்டதால் வெளியே வந்து, இரண்டு நாற்காலி போட்டுத் துப்பறியும் நிலையம் வைத்தாள். இரண்டாவது நாற்காலி கொசுவுடையது. ஒல்லியாக இருந்துகொண்டு ஓயாமல் காதோரம் ரீங்காரம் செய்வதால் வந்த பெயர். பெற்ற தாயே இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

"அக்கா, நாம யார் பக்கம்?" என்று நடந்துகொண்டே கேட்டான் கொசு.

"உண்மை பக்கம்."

"அது ஃபீஸ் கொடுக்காதே."

அக்கா லாக்கப் பக்கம் திரும்பினாள். கம்பிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண்மணி. டப்பிங் கலைஞர். படங்களில் கதாநாயகி அழுதால் உண்மையில் அழுதது இவள்தான். குரலம்மா என்பார்கள். கணவர் ரெக்கார்டிங் ஸ்டுடியோ நடத்தினார். ஒரு வருஷமாக இருவரும் தனித்தனி வீடு. முந்தாநாள் மத்தியானம் அந்தக் கணவர் ஸ்டுடியோ ஆபீஸ் அறையில் பிணமாகக் கிடந்தார். சட்டை முன்பக்கம் நேராகக் கத்தரிக்கப்பட்டிருந்தது. நெஞ்செல்லாம் கன்றிப்போய், விலா எலும்புகள் உடைந்திருந்தன. இவள் அந்த நேரத்தில் காய்ச்சலோடு வீட்டில் தனியாகப் படுத்திருந்ததாகச் சொல்கிறாள். பார்த்தவர்கள் யாரும் இல்லை.

பார்த்தவர் இல்லை, ஆனால் கேட்டவர் இருந்தார். ஸ்டுடியோவுக்குப் பக்கத்து அறைத் தையல்காரர். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இவள் குரல் கேட்டதாகச் சத்தியம் செய்கிறார். 'விலகி நில்லுங்கள். யாரும் தொடாதீர்கள்' என்றாளாம். அப்புறம் 'இன்னும் அழுத்துங்கள்' என்றாளாம். ஆள் வைத்துப் புருஷனை அமுக்கிக் கொன்றிருக்கிறாள் என்று, பிரேதப் பரிசோதனை அறிக்கை வருவதற்கு முன்பே போலீஸ் முடிவு கட்டிவிட்டது. உடைந்த விலா எலும்பு வேறு என்னத்தைச் சொல்லும்?

"எனக்கு ஜெயில் பயமில்லைக்கா," என்றாள் குரலம்மா. காய்ச்சலில் அந்தப் புகழ்பெற்ற குரல் கரகரத்தது. "எம்பொண்ணு அந்த பெஞ்சுல உக்காந்திருக்கா. நேத்துல இருந்து ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பிப் பார்க்கலை. அவ அப்படி எழுதிக் கொடுத்துட்டா, அப்புறம் கோர்ட்ல என்னை விட்டா என்ன, விடாட்டி என்ன?"

"நேத்து ஏட்டுகிட்ட என்னமோ சொன்னீங்களாமே?"

அவள் முகம் வெளிறியது. "உண்மையைச் சொன்னேன். அந்த வார்த்தையெல்லாம் என் வாயால சொன்ன மாதிரியேதான் இருக்கு. 'யாரும் தொடாதீர்கள்'னு நான் சொல்லியிருக்கேன். 'இன்னும் அழுத்துங்கள்'னு சொல்லியிருக்கேன். எப்போ, எங்கே, யார்கிட்டேன்னுதான் எவ்வளவு யோசிச்சாலும் வர மாட்டேங்குது. எனக்குப் புத்தி பேதலிச்சுடுச்சாக்கா? காய்ச்சல் வேகத்துல எழுந்து போய் நானே ஏதாவது பண்ணிட்டேனா?"

கொசு பல்வலியை மறந்து வாயைப் பிளந்தான். வெளியே வந்ததும் அடிக்குரலில் சொன்னான்: "அக்கா, எத்தனையோ கேஸ் பார்த்திருக்கோம். போலீஸ் அடிச்சு ஒத்துக்கிட்டவன் உண்டு. அடி வாங்கறதுக்கு முன்னாடியே ஒத்துக்கிட்டவனும் உண்டு. செய்யாததை ஞாபகம் வர மாட்டேங்குதேன்னு அழறவங்களை இப்பத்தான் பார்க்கறேன்."

"செய்யலைன்னு நீ எப்படிடா முடிவு பண்ணினே?"

"அந்தக் கண்ணைப் பார்த்து."

"கண்ணைப் பார்த்துக் கேஸ் முடியாது. வா."

---

ஸ்டுடியோ இருந்த கட்டிடம் அடுத்த தெருவில்தான். கீழே பல் கிளினிக், நடுவில் பூட்டிக் கிடக்கும் ஆபீஸ்கள், மேல்மாடியில் தையற்கடையும் ஸ்டுடியோவும். லிஃப்டில் யாரோ துணி மூட்டைகளை அடைத்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இருவரும் படியேறினார்கள். ஒவ்வொரு படிக்கும் கொசுவின் பல் தனியாக ஒரு குத்து குத்தியது.

தையல்காரர் மெஷினை விட்டு எழுந்தார். நல்ல மனிதர் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. அதுதான் சிக்கல். பொய் சாட்சியை மடக்கலாம். மெய் சாட்சியை என்ன செய்வது?

"அம்மா, எனக்கு அவங்கமேல ஒரு வருத்தமும் இல்லை. வருஷக்கணக்கா அவங்களுக்குத் துணி தைச்சுக் கொடுக்கறேன். அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? ராத்திரி தூக்கம் வரலை. நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா ஒரு குடும்பம் பிழைச்சிருக்குமோன்னு..."

"நீங்க கேட்டதைத்தானே சொன்னீங்க. எனக்கும் ஒரு தடவை சொல்லுங்க. அவங்க சொன்ன மாதிரியே."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "'விலகி நில்லுங்கள். யாரும் தொடாதீர்கள்.' கொஞ்ச நேரம் கழிச்சு, 'இன்னும் அழுத்துங்கள்.' அப்புறம், சொல்லவே நாக்கு கூசுது, 'நன்றாக அழுத்துகிறீர்கள்'னு பாராட்டு வேற. நடுவுல என்னென்னவோ சொன்னாங்க. நான் மெஷினை மிதிச்சுக்கிட்டு இருந்ததால எல்லாம் விளங்கலை."

"கொலை பண்ணும்போதுகூட மரியாதையா 'ங்கள்' போட்டுப் பேசற ஆளு," என்றான் கொசு.

"அவங்க எப்பவுமே அப்படித்தான் தம்பி. ரெண்டு பேரும் சண்டை போட்டாக்கூட நாடகம் கேக்கற மாதிரிதான் இருக்கும்."

அந்த வழியும் அடைபட்டது. கொசு அக்காவைப் பார்த்தான். அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

"ஒரு தடவைதான் சொன்னாங்களா?"

"இல்லையே. நாலைஞ்சு தடவை. திரும்பத் திரும்ப அதே."

"கடைசித் தடவை குரல் ஏறியிருந்ததா?"

தையல்காரர் யோசித்தார். "இல்லை. முதல் தடவை எப்படியோ அப்படியேதான். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை."

"என் சம்சாரம் ரெண்டாவது தடவை சொல்லும்போதே தட்டு பறக்கும்," என்றான் கொசு. அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் இப்படிப் பேசினால் ஒரு கனம் கிடைக்கும் என்பது அவன் எண்ணம்.

"வேற சத்தம்?"

"டக் டக்னு ஒரு சத்தம். முதல்ல என் மெஷின்னுதான் நினைச்சேன். மிதிக்கறதை நிறுத்தினேன். அது நிக்கலை. ஒரே சீரா, கடிகாரத்தைவிட வேகமா அடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

"இவ்வளவு கேட்டும் எழுந்து போய்ப் பார்க்கலையா?"

அவர் தலை குனிந்தது. "புருஷன் பொண்டாட்டி விவகாரம். நடுவுல போய் மூக்கை நுழைக்க வேண்டாம்னு கடையைச் சாத்திட்டுச் சாப்பிடப் போயிட்டேன். திரும்பி வந்தா கதவு திறந்திருக்கு. அவர் கீழே கிடக்கார்." கண்களைத் தோளில் துடைத்துக்கொண்டார். "அன்னிக்குக் காலையிலகூட என்கிட்ட பேசிட்டுப் போனாரும்மா. தம்பி பிடிச்சிருக்காரே, அதே மாதிரி கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். பல் வலியாம். கீழே காட்டிட்டு வந்தேன், சொத்தையாம், நாளைக்குப் பிடுங்கலாம்னு மாத்திரை கொடுத்தார்னு சொன்னார். ஃபேனுக்கு அடியில உக்காந்திருந்தும் மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டிச்சு."

அக்கா சட்டென்று திரும்பினாள். "வேர்த்துதா?"

"சட்டை தொப்பலா நனைஞ்சிருந்துச்சு."

பக்கத்து அறையைப் போலீஸ் ஏற்கெனவே அலசிவிட்டுத் திறந்துபோட்டிருந்தது. மேஜை மேல் உப்புத் தண்ணீர் வைத்த டம்ளர், வெள்ளையாகக் கோடு கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு மாத்திரை மட்டும் குறைந்த அட்டை. அக்கா போலீஸ் எடுத்த படத்தைக் கைப்பையிலிருந்து எடுத்தாள். கொசு எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். ரோமம் அடர்ந்த நெஞ்சு. அதில் இரண்டு இடத்தில் மட்டும், வலது தோளுக்குக் கீழே ஒன்று, இடது விலாவில் ஒன்று, அளந்து வைத்த மாதிரி சதுரமாக வழுக்கை.

"கொலைகாரன் சிரைச்சு விட்டுட்டா போனான்?" என்றான் கொசு.

"சிரைச்சா இவ்வளவு சிவக்காது. ஒட்டிப் பிய்ச்சிருக்கு. சட்டையைப் பார், கிழிக்கலை, கத்தரிச்சிருக்கு. ஒருத்தனை அமுக்கிக் கொல்ல வர்றவன் சட்டையை எதுக்குடா கத்தரிக்கணும்?"

அக்கா சன்னல் வழியே தெருமுனையைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டரின் ஜீப் ஸ்டேஷன் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. சாப்பாடு முடிந்துவிட்டது. இனி அந்தப் பெண் வாயைத் திறந்தால் அவ்வளவுதான். லாக்கப்பில் கேட்ட அந்தக் கரகரத்த குரல் காதை விட்டுப் போக மாட்டேன் என்றது.

"அக்கா, ஏதாவது பண்ணுங்க. பொய்யாவது சொல்லுங்க. அந்தப் பொண்ணை அரை மணி நேரம் நிறுத்திவைக்க ஒரு பொய்!"

"லிஃப்ட் காலியாயிடுச்சா பாரு. படியிறங்க நேரமில்லை."

லிஃப்ட் வந்தது. இருவரும் ஏறினார்கள். பொத்தானை அழுத்தியதும் தலைக்கு மேலிருந்து கனிவான ஒரு பெண் குரல் சொன்னது: "கதவு மூடுகிறது. விலகி நில்லுங்கள்."

கொசு துள்ளி அக்காவின் கால்மேல் விழுந்தான். "அக்கா! லாக்கப்புல இருக்கறவங்க இங்கே எப்படி..."

சொல்லும்போதே அவனுக்கே புரிந்துவிட்டது. அசட்டுச் சிரிப்பு சிரித்தான். லிஃப்டுக்கும் அவள்தான் குரல் கொடுத்திருக்கிறாள். லிஃப்டுக்கு, பஸ்ஸுக்கு, 'நீங்கள் அழைத்த எண்'ணுக்கு, யார் கேட்டாலும் கொடுத்திருப்பாள். அதுதானே தொழில்.

அக்கா சிரிக்கவில்லை. லிஃப்ட் கீழே வந்து கதவு திறந்து, திரும்ப மூடி, மறுபடி திறந்தது. அவள் இறங்கவே இல்லை.

"ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை," என்று முணுமுணுத்தாள். பிறகு கொசுவின் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "எந்தப் பல்லு?"

"ஐயோ, தொடாதீங்க!"

"இப்பவே பிடுங்கிடலாம்." ஒரு கையால் அவனை இழுத்துக்கொண்டு, மறு கையால் போன் போட்டாள். "நான்தாம்மா. அடுத்த தெரு பல் கிளினிக்குக்கு இப்பவே ஓடி வா. இன்ஸ்பெக்டர் வந்தா வந்துட்டுப் போறார். இங்கே ஒரு தடவை கேட்டுட்டு, அப்புறம் போய் உன் இஷ்டப்படி எழுதிக் கொடு. கெஞ்சிக் கேக்கறேன்மா."

அக்கா கெஞ்சிக் கொசு பார்த்ததில்லை. அவனுக்குப் பல்வலியைவிட அது பயமாக இருந்தது.

---

கிளினிக்கில் கன்னம் வீங்கிய ஓர் அம்மாள் மட்டும் காத்திருந்தாள். கொசுவைப் பார்த்ததும் சக நோயாளியின் பாசத்தோடு சொன்னாள்: "பிடுங்கறதுக்கா வந்தே? வீணா உக்காராதே. முந்தாநாள் சாயங்காலத்துல இருந்து வர்றவங்களுக்கெல்லாம் மாத்திரைதான். டாக்டருக்குத் தோள்ல சுளுக்காம்."

அக்கா அனுமதி கேட்கவில்லை. உள்ளே நுழைந்து கொசுவை நாற்காலியில் சாய்த்தாள்.

டாக்டர் நடுவயதுக்காரர். தூக்கமில்லாத முகம். "வாயைத் திறங்க," என்றார். கொசு திறந்தான். "அந்த லைட்டைக் கொஞ்சம் நீங்களே கீழே இழுத்துக்குங்க."

தன் வாய்க்குத் தானே விளக்குப் பிடித்துக்கொண்ட நோயாளி உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று சொல்ல நினைத்தான் கொசு. வாய் திறந்திருந்ததால் முடியவில்லை.

"சொத்தைதான். மாத்திரை எழுதறேன். அடுத்த வாரம் பிடுங்கலாம்."

"இப்பவே பிடுங்குங்க டாக்டர். பையன் வலியில துடிக்கறான்," என்றாள் அக்கா.

"முடியாதும்மா. கையைத் தூக்க முடியலை. மாடிப்படியில விழுந்துட்டேன்."

"விழுந்தா ஒரு தோள் வலிக்கும். உங்களுக்கு ரெண்டும் வலிக்குது, மணிக்கட்டும் வலிக்குது. பேனாவைக்கூட விரல் நுனியிலதான் பிடிச்சிருக்கீங்க." அக்கா சுவரைப் பார்த்தாள். கண்ணாடிக் கூட்டுக்குள் கைப்பெட்டி அளவில் ஒரு சிவப்புப் பெட்டி, மேலே இதயப் படம். "அது என்ன?"

"அது... திடீர்னு யாருக்காவது இருதயத் துடிப்பு தாறுமாறாகி நின்னு போச்சுன்னா ஷாக் கொடுக்கற மிஷின். ஊசி போடற இடமாச்சே, ஒரு பாதுகாப்புக்கு."

"உபயோகிக்கத் தெரியுமா?"

"யார் வேணும்னாலும் உபயோகிக்கலாம். ஷாக் வேணுமா வேண்டாமான்னு அதுவே கண்டுபிடிச்சுக்கும். என்ன செய்யணும்னு அதுவே..."

"அதுவே சொல்லும்," என்று முடித்தாள் அக்கா. கண்ணாடிக் கதவைத் திறந்து பெட்டியை எடுத்தாள்.

"அதைத் தொடாதீங்கம்மா! தயவுசெஞ்சு..."

அவள் மூடியைத் திறந்தாள். உள்ளே இரண்டு பொட்டலத்துக்கு இடம் இருந்தது. ஒன்றுதான் இருந்தது. அக்கா அதைக் கிழித்தாள்.

"கொசு, சட்டையைக் கழட்டு."

"பல் பிடுங்கறதுக்கு எதுக்குக்கா சட்டை?"

"கழட்டுடா!"

கழற்றினான். அவன் உடம்பில் அவனுக்குப் பெருமை தரும் ஒரே சொத்து, அந்த நோஞ்சான் மார்பில் கம்பளமாக வளர்ந்திருந்த ரோமம்தான். அக்கா இரண்டு ஒட்டுப் பட்டைகளை எடுத்து, வலது தோளுக்குக் கீழே ஒன்றும் இடது விலாவில் ஒன்றுமாக அழுத்தி ஒட்டினாள். அந்த இடங்களை எங்கே பார்த்தோம் என்பது கொசுவுக்கு உடனே ஞாபகம் வந்தது. செத்தவன் நெஞ்சில்.

"அக்கா, எனக்கு இருதயம் நல்லாத்தான் இருக்கு! நல்லாத்தான் இருந்துச்சு! இப்பத்தான்..."

வாசலில் செருப்புச் சத்தம். மகள் மூச்சிரைக்க வந்து நின்றாள். அதே நேரம் பெட்டி பேசியது.

"இதயத் துடிப்பு ஆராயப்படுகிறது. விலகி நில்லுங்கள். யாரும் தொடாதீர்கள்."

கனிவான குரல். அவசரம் இல்லாத, பயம் இல்லாத, எவ்வளவு கலங்கியவனையும் கையைப் பிடித்து நடத்திச் செல்லும் குரல். மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"மின்னதிர்ச்சி தேவையில்லை," என்றது பெட்டி. கொசு கண்ணை மூடிக் கடவுளுக்கு நன்றி சொன்னான். "நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்." டக், டக், டக் என்று தாளம் ஆரம்பித்தது. கடிகாரத்தைவிட வேகமாக. யாரும் அழுத்தவில்லை. பெட்டி சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது: "இன்னும் அழுத்துங்கள்."

மகள் பெட்டியை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"உங்க அம்மா புத்தி பேதலிக்கலைம்மா," என்றாள் அக்கா, மகளைப் பார்த்து. "எப்பவோ ஒரு நாள் ஸ்டுடியோவுல இதையெல்லாம் தனித்தனி வரியா படிச்சிருக்காங்க. எதுக்கு, எந்த மிஷினுக்குன்னு தெரியாது. படிச்சுட்டு அடுத்த வேலைக்குப் போயிட்டாங்க. அதனாலதான் சொன்ன ஞாபகம் இருக்கு, யார்கிட்ட சொன்னோம்னு இல்லை. தையல்காரர் கேட்டது நெஜம். உடைஞ்ச எலும்பு நெஜம். நெஞ்சை அந்த அளவுக்கு அழுத்தினாத்தான் ரத்தம் ஓடும், எலும்பு உடைஞ்சாலும் நிறுத்தக்கூடாது. உங்க அப்பாவை அன்னிக்கு யாரும் கொல்லலை. ஒருத்தர் காப்பாத்தப் பார்த்திருக்கார்." டாக்டர் பக்கம் திரும்பினாள். "ரெண்டு நாளா தோளைத் தூக்க முடியாத அளவுக்கு."

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்லிச் சம்பாதித்த மனிதருக்குத் தன் வாயைத் திறக்க அவ்வளவு நேரம் பிடித்தது.

"தாடை வலிக்குதுன்னு வந்தார்," என்றார் கடைசியில். "வாயைத் திறந்து பார்த்தேன், ஒரு சொத்தை இருந்துச்சு. அதைப் பார்த்ததும் வேற எதையும் பார்க்கலை. வேர்வையைப் பார்க்கலை. இடது கையைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தார், அதையும் பார்க்கலை. மாத்திரை கொடுத்து அனுப்பிட்டேன். பல்லுக்காரன் கண்ணுக்குப் பல்லுதான் தெரிஞ்சுது. மத்தியானம் கடைசி பேஷண்ட் போனப்புறம் திடீர்னு உறைச்சுது. தாடைக்கு வந்தது பல் வலி இல்லை, நெஞ்சு வலி. பெட்டியைத் தூக்கிட்டு மாடிக்கு ஓடினேன். அதுக்குள்ள கீழே கிடந்தார்."

"ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாமே சார்! கத்தியிருக்கலாமே!" என்று கொசு வெடித்தான்.

"போன் கீழே இருந்துச்சு. கையை எடுத்தா போயிடுவாரோன்னு பயம். கத்த மூச்சு இல்லை. பெட்டியில இருந்த கத்தரியால சட்டையைக் கத்தரிச்சுப் பட்டையை ஒட்டினேன். இந்தக் குரல் சொல்லச் சொல்ல அழுத்தினேன். இன்னும்னு சொல்லிச்சு, இன்னும் அழுத்தினேன். நன்றாக அழுத்துகிறீர்கள்னு சொல்லிச்சு. நல்லா அழுத்தறேனே, ஏன் இந்த மனுஷன் எழுந்திரிக்க மாட்டேங்கறார்னு அழுதேன்." அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "மிஷின் என்னை நிறுத்தச் சொல்லவே இல்லைம்மா. நானாத்தான் நிறுத்தினேன். கை விட்டுப் போச்சு. பட்டையைப் பிய்ச்சு எடுத்துட்டு, பெட்டியோட கீழே வந்துட்டேன். சாயங்காலம் போலீஸ் வந்து ஏதோ பொம்பளைக் குரல் கேட்டுச்சாம்னு சொன்னப்போ புரிஞ்சுது. புரிஞ்சும் வாயை மூடிக்கிட்டேன். இருதய வலியைப் பல் வலின்னு சொன்னவன்கிட்ட இனிமே எவன் வாயைத் திறப்பான்னு நினைச்சேன்."

"அதுக்காக ஒருத்தியை லாக்கப்புல உக்கார வெச்சீங்க," என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "எழுந்திரிங்க. ஸ்டேஷன் பக்கத்துலதான். இவ எழுதிக் கொடுக்கறதுக்கு முன்னாடி நீங்க எழுதிக் கொடுக்கணும்."

அவர் எழுந்தார். மறுக்கவில்லை. இரண்டு நாளாக யாராவது வந்து இப்படிச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தவர் மாதிரி எழுந்தார்.

மகள் அவரைத் திட்டுவாள், அடிப்பாள் என்று கொசு எதிர்பார்த்தான். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. பெட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க அம்மா அப்பாவைக் காப்பாத்தத்தான் சொல்லிக்கிட்டே இருந்தாங்களா?" என்று கேட்டாள், யாரையும் பார்க்காமல்.

"கடைசி வரைக்கும்," என்றார் டாக்டர்.

கொசு பட்டைகளைப் பிய்த்தான். பெருமைக்குரிய ரோமம் இரண்டு சதுரமாக அதோடு போனது. வேறொரு நாளாக இருந்தால் கட்டிடமே இடியும்படி கத்தியிருப்பான். இன்று கண்ணில் வந்த தண்ணீருக்கு அந்த வலியைக் காரணமாக வைத்துக்கொண்டான். பட்டை பிரிந்ததும் பெட்டி, "பட்டைகளைச் சரியாக ஒட்டுங்கள்," என்றது, அதே பொறுமையோடு. சற்றுக் கழித்து மறுபடி சொன்னது. அவன் குனிந்து மூடியை மூடப் போனான்.

மகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூடாதீங்கண்ணா," என்றாள். "அம்மா இன்னும் பேசிக்கிட்டு இருக்காங்க."